தெரிந்த வீடு என்றாலும் படிவத்தை நீட்டுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முந்நூறு குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் வண்டிக்கும் குளிர்பெட்டிக்கும் அந்த வீட்டுக்காரர்களே அலைகிறார்கள். சங்கத்துக்குச் சொந்தமான பழைய கிடங்கு ஒன்றை இறுதிச்சடங்கு இல்லமாக மாற்றி, எங்கள் குடும்பங்களுக்கும் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் நாங்களே நடத்தலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டோம். பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் ஓய்வுபெற்ற கணக்காளர். "எல்லாரும் தெரிந்தவர்கள்தானே, சமாளித்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். கிடங்கை ஒட்டிக் குடியிருக்கும் சிலர் நோய் பரவும், நாற்றம் வரும் என்று எதிர்க்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் இதுவரை ஒரு இறந்த உடலைத் தொட்டதுகூட இல்லை. இந்தப் பயம் போகுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் 'எல்லாரும் தெரிந்தவர்கள்தானே' என்ற வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் செய்த ஆகப் பெரிய தவறு தெரிந்த வீட்டில்தான் நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம், குளிர்பெட்டி எல்லாம் அப்புறம்.

இறந்துபோன பெரியவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூத்த மகன் என்னோடு படித்தவன். இரவு ஒரு மணிக்கு போன் செய்தான், போனேன். "காலையிலேயே தகனம் பண்ணிடலாம்" என்றான். வேறு வீடாக இருந்தால் படிவத்தை எடுத்திருப்பேன். மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர், வெளியூரில் யார், எல்லாருக்கும் சொல்லியாயிற்றா, கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்று வரிசையாகக் கேட்டிருப்பேன். அவனிடம் அதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்தது. தகனம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அவனுடைய தங்கை பெட்டியோடு வந்து இறங்கினாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் சத்தம் போடவில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த மேசையின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சுல்ல அண்ணா?" என்று கேட்டாள்.

இருந்தது.

குளிர்பெட்டியில் 2 முதல் 4 டிகிரி வரையில் வைத்திருந்தால் அந்த உடல் அவளுக்காகச் சில நாள் காத்திருந்திருக்கும். அவசரம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இது: கட்டடத்துக்கு வெள்ளை அடிப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் படிவம் தயார் செய்யுங்கள். சங்கத் தலைவர் வீட்டுச் சாவாக இருந்தாலும் அதை நிரப்பாமல் உடலை நகர்த்துவதில்லை என்று சங்கக் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். தெரிந்தவர்களிடம் தனியாகப் போய்க் கேட்டால் சந்தேகப்படுவது போலத் தோன்றும். எல்லாரிடமும் கேட்டால் வெறும் நடைமுறை.

இப்படி ஊர்க்காரர்கள் சேர்ந்து சாவுச் செலவைப் பார்த்துக்கொள்வது ஒன்றும் புதிதில்லை. ரோமுக்குப் பக்கத்தில் லனுவியம் என்ற ஊரில் பொ.ஆ. 136ஆம் வருடத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டி, உறுப்பினர் இறந்தால் அடக்கம் செய்யும் ஒரு சங்கத்தின் விதிகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அடிமைகளும் அதில் உறுப்பினர்கள். ஊரிலிருந்து இருபது மைலுக்கு அப்பால் ஒருவர் இறந்து தகவல் வந்தால், சங்கத்திலிருந்து மூன்று பேர் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வந்து கணக்குக் காட்ட வேண்டும். கணக்கில் மோசடி செய்திருந்தால் நான்கு மடங்கு அபராதம். ஒரே சங்கத்துக்காரர்கள், சேர்ந்து விருந்து சாப்பிட்டவர்கள், ஆனாலும் கணக்கு விஷயத்தில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கணக்காளரான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்கு என்றதும் இன்னொன்று. முந்நூறு குடும்பம் என்றால் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பேர். உலக சராசரியில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு ஏழெட்டு இறப்புகள். அப்படிப் பார்த்தால் உங்கள் சங்கத்தில் வருடத்துக்கு ஒன்பது, பத்து. வயதானவர்கள் அதிகம் என்றால் கூடும். இந்த எண்ணிக்கையை நம்பிச் சொந்தமாக அமரர் ஊர்தி வாங்காதீர்கள். முக்கால்வாசி நாள் நின்றுகொண்டேதான் இருக்கும், பேட்டரி செத்துப்போகும், தேவைப்படும் ராத்திரியில் கிளம்பாது. ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். முழுநேரச் சம்பள ஆள் வைக்கவும் இந்த எண்ணிக்கை போதாது. இதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது: மாதத்துக்கு ஒரு தடவைகூடச் செய்யாத வேலையில் கை பழகாது. அதனால் உங்கள் ஆட்களில் நாலைந்து பேரை, தினமும் வேலை நடக்கும் ஒரு இல்லத்துக்குச் சில வாரம் அனுப்பிப் பழக்குங்கள். தேவையான உரிமம் என்ன என்பதை உள்ளாட்சி அலுவலகத்திலும் சுகாதாரத் துறையிலும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் செங்கல் எடுங்கள்.

இனி அந்தத் தொலைபேசி. இல்லம் என்று நீங்கள் எதைக் கட்டினாலும், குடும்பத்துக்கு அது தொடங்குவது ராத்திரி மூன்று மணிக்கு போனில் வரும் ஒரு குரலில்தான். முறை வைத்து இரண்டு பேர் எடுக்கட்டும், ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும். எடுப்பவர் ஐந்து விஷயம் கேட்டால் போதும்: பேசுவது யார், இறந்தவர் எங்கே இருக்கிறார், மருத்துவர் பார்த்துவிட்டாரா, திரும்பக் கூப்பிட எந்த எண், கூட யாராவது இருக்கிறார்களா. கட்டணம், மாலை, நேரம் எதையும் அப்போது பேச வேண்டாம். மருத்துவர் பார்த்து உறுதி செய்யாமல் உடலைத் தொடவே கூடாது. விபத்து, தற்கொலை, எதிர்பாராத சாவு என்றால் காவல்துறைக்குச் சொல்லாமல் ஒரு தலையணையைக்கூட நகர்த்தாதீர்கள். அங்கே பழக்கம் வேலைக்கு ஆகாது, ஆகக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால், போனை வைப்பதற்கு முன்னால் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள்: "உடனே வரணுமா, இல்ல கொஞ்ச நேரம் கூட இருந்துட்டுக் கூப்பிடுறீங்களா?" பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்படி இருக்கலாம் என்பதே தெரியாது. வீட்டில் இறந்தவரை அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

அதே சமயம், முதல் இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் உண்டு. உடல் விறைப்பு இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் கண் இமையிலும் தாடையிலும் தொடங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரம் போனால் உடல் முழுக்கப் பரவியிருக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் தானாகவே தளரும். அதனால் கண்ணை மூடுவது, தலைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து உயர்த்துவது, கை கால்களை நேராக்குவது எல்லாம் வீட்டுக்காரர்களே செய்யலாம், போனிலேயே சொல்லிக் கொடுக்கலாம். முக்கியமாகப் பல் செட். நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கண் முதலில் தேடுவது கட்டில் பக்கத்து டம்ளரைத்தான். தாடை இறுகிய பிறகு பல் செட்டைப் பொருத்துவது பெரும்பாடு. பொருத்தாவிட்டால் கன்னம் உள்ளே போய்விடும். மறுநாள் மகள் வந்து பார்த்து, "இது அம்மா மாதிரியே இல்லையே" என்பார். அந்தச் சொல்லை ஒரு தடவை கேட்டவர்கள் டம்ளரைத் தேட மறக்க மாட்டார்கள்.

உடலைப் பதப்படுத்தும் வேலையை, அதாவது எம்பாமிங்கை, நீங்கள் தொடங்க வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அதில் பயன்படும் ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வகைப்படுத்தியது. காற்றோட்ட ஏற்பாடு இல்லாத ஒரு கிடங்கில் அந்தத் திரவத்தைத் திறப்பது உங்கள் ஆட்களுக்கு நீங்கள் செய்யும் துரோகம். வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய உடலுக்கு எம்பாமிங்கும், காற்றுப் புகாமல் அடைத்த பெட்டியும், தூதரகக் காகிதங்களும் கேட்பார்கள். அப்படி ஒன்று வந்தால் அதையே தொழிலாகச் செய்யும் பெரிய நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். மற்றபடி நல்ல குளிர்பெட்டி போதும். இரண்டு வையுங்கள். வருடத்துக்குப் பத்து சாவு என்றாலும் ஒரே நாளில் இரண்டு வரும். ஜெனரேட்டரைக் குளிர்பெட்டிக்கு முன்னாலேயே வாங்குங்கள்.

தகனத்துக்கு அனுப்பும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்கவே கூடாது: இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? அந்த வெப்பத்தில் அதன் பேட்டரி வெடிக்கும். 1976இல் பிரிட்டனில் ஒரு தகன மேடையில் அப்படி வெடித்தது பதிவாகியிருக்கிறது. இன்றைய எரிவாயு உலைகள் 800 முதல் 1000 டிகிரி வரை போகின்றன, பக்கத்தில் ஆள் நிற்கிறார். பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரையோ பயிற்சி பெற்றவரையோ வைத்து முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர்கள் துக்கத்தில் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், அதனால் இந்தக் கேள்வி படிவத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

படிவத்தோடு ஒரு நகைப் பதிவேடும் வேண்டும். வீட்டிலிருந்து உடலை எடுப்பதற்கு முன்பே மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பெயர் அட்டை கட்டுங்கள், இரண்டு பேர் வாசித்துச் சரிபார்க்கட்டும். உடம்பில் இருக்கும் நகைகளை வீட்டுக்காரர் ஒருவர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதும்போது 'தங்க மோதிரம்' என்று எழுதக்கூடாது. 'மஞ்சள் நிற உலோக மோதிரம், ஒன்று, வலது கை' என்றுதான் எழுத வேண்டும். அது தங்கமா என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அது பித்தளை என்று தெரிய வந்தால், மாற்றியது நீங்கள் என்று ஆகிவிடும். இதையும் தெரிந்த வீட்டில்தான் எழுதாமல் விடத் தோன்றும்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். ஆறரை அடி நீளமுள்ள ஏணியை இரண்டு பேர் படுக்கைவாட்டில் தூக்கிக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து குளிர்பெட்டி வைக்கப்போகும் அறை வரை நடந்து போகட்டும். எந்த இடத்திலாவது ஏணியைச் சாய்க்க வேண்டி வந்தால் அந்தச் சுவரை இடியுங்கள். ஸ்ட்ரெச்சரைச் சாய்ப்பதைக் குடும்பம் பார்க்கக் கூடாது. அப்புறம், கதவைச் சாத்திக்கொண்டு அழ ஒரு சின்ன அறை. அதில் நாலு நாற்காலி, தண்ணீர், ஒரு ஜன்னல், ஒரு போன் சார்ஜர். சிரிக்காதீர்கள், அந்தச் சார்ஜரைத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டிய நாளில் போன் முதலில் செத்துப்போகிறது.

கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்களின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், அதற்குப் பதில் இருக்கிறது. இறந்த உடல் இருந்தாலே கொள்ளைநோய் வரும் என்பது பரவலான நம்பிக்கை. பேரழிவுகளில் நூற்றுக்கணக்கான உடல்கள் கிடந்தபோதுகூட அவற்றால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. காலரா, எபோலா போன்ற நோய்களால் இறந்தவர்கள் விஷயம் வேறு. அந்த உடல்களுக்குச் சுகாதாரத் துறையின் தனி நடைமுறை உண்டு, உங்கள் இல்லத்தில் அவற்றை ஏற்பதில்லை என்று எழுதியே கொடுத்துவிடலாம். ஆபத்து உடலைக் கழுவித் துடைக்கும் உங்கள் ஆட்களுக்குத்தான். கையுறையும் ஏப்ரனும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். நாற்றம் வராது, குளிர்பெட்டி ஓடும்வரை.

ஆனால் அவர்கள் சொல்லாத ஒரு தொல்லை வரத்தான் போகிறது: வாகனங்கள். ஒரு சாவுக்கு நாற்பது வண்டி வந்து அவர்கள் வாசலை அடைக்கும். திறப்பதற்கு முன்னால் அவர்களை உள்ளே கூப்பிட்டு எல்லா அறையையும் காட்டுங்கள். வண்டி எங்கே நிற்கும் என்று கோடு போட்டுக் காட்டுங்கள். இப்போது எதிர்ப்பவர்களில் ஒருவராவது அன்றைக்கு உங்களைத் தனியே கூப்பிட்டு, படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பற்றிப் பேசுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

பணம். இங்கேதான் தெரிந்தவர்கள் சங்கங்கள் உடைகின்றன. "நீங்க கொடுக்கிறதைக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பெருந்தன்மையாகத் தெரியும். உண்மையில் எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று கணக்குப் போடும் வேலையைத் துக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டுகிறோம். அமெரிக்காவில் 1984 முதலே இறுதிச்சடங்கு இல்லங்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியல் தர வேண்டும், போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும் என்று விதி உண்டு. பிரிட்டனில் 2021இல் விலைப் பட்டியலை இல்லத்திலும் இணையதளத்திலும் வைக்கச் சொல்லிக் கட்டாயமாக்கினார்கள். உங்களை யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் வாசலில் ஒட்டுங்கள். வேண்டாத வரியைக் குடும்பமே அடித்துவிடலாம் என்றும் அதில் எழுதுங்கள். மலிவான சவப்பெட்டியைக் கேட்பவர் அதைக் குரலைத் தாழ்த்திக் கேட்கும்படி நேரக்கூடாது. பட்டியலின் முதல் வரியாக அதையே போடுங்கள்.

கட்ட முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்து விடுங்கள். சாவு வீட்டு வாசலில் நின்று முடிவு செய்தால், பிடித்தவருக்கு ஒன்று, பிடிக்காதவருக்கு ஒன்று என்றாகும். சந்தாவில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். யாருக்குச் சலுகை கொடுத்தோம் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியட்டும், ஆண்டறிக்கையில் தொகை மட்டும் வரட்டும். வசூலிக்கப் போகிறவர் உடலைத் தூக்க வந்தவராக இருக்க வேண்டாம். அம்மாவைக் குளிப்பாட்டிய கையே ரசீதை நீட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை விளக்க ஒன்றும் இல்லை. உங்கள் ஆட்கள் பார்ப்பது பக்கத்து வீட்டின் படுக்கையறை. படுக்கைப் புண், காலி பாட்டில்கள், கிழிந்த மெத்தை, எழுதி வைத்த கடிதம் எல்லாம் கண்ணில் படும். முதல் தடவை வெளியே பேசியவரை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மறுவாய்ப்பு வேண்டாம்.

கடைசியாக, உங்கள் பயம்.

என் முதல் ராத்திரியைச் சொல்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மூதாட்டியின் தோளைப் பிடித்திருந்தார், நான் இடுப்பை. "மெதுவா என் பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். அந்த அம்மா பெருமூச்சு விட்டார். நன்றாகக் கேட்டது. நுரையீரலில் தங்கியிருந்த காற்று தொண்டை வழியாக வெளியேறும் சத்தம்தான் அது, திருப்பும்போது சகஜமாக வரும். எனக்கு அது தெரியாது. "என்னம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டேன். கை நடுங்கியது. பெரியவர் சிரிக்கவில்லை. "பதில் சொல்ல மாட்டாங்க, ஆனா கேட்டதில் தப்பில்ல. அடுத்தது என்ன செய்யப்போறோம்னு சொல்லிட்டே செய், கை நடுங்காது" என்றார்.

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டேதான் செய்கிறேன். "இப்போ கையைத் தூக்குறேன்மா." "தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்யா." பயம் முழுசாகப் போய்விட்டதா என்றால், குழந்தை என்று போன் வந்தால் இன்றைக்கும் வண்டியில் ஏறுமுன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன். உங்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. என்றாவது ஒருநாள் மேசையில் இருப்பது உங்கள் நெருங்கிய நண்பராக இருப்பார். அன்றைக்கு நீங்கள் பொறுப்பாளர் வேலையைப் பார்க்க வேண்டாம். சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, வந்தவர்களோடு வந்து உட்காருங்கள். அந்த இன்னொருவர் யார் என்பதைப் படிவத்திலேயே எழுதி வையுங்கள், உங்கள் பெயருக்குக் கீழே.